கல்லறைச் சுவருக்கு வெளியே

போன மாதம் ஒரு தோழி வீட்டுக்கு வந்திருந்தாள். அப்பாவை அடக்கம் செய்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அடுப்படியில் நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது, நிலைப்படியில் சாய்ந்தபடி, கறிகாய் விலை சொல்வதுபோலச் சொன்னாள்: அவர் இறந்த அன்று மதியம் மூன்று தடவை அவளைக் கூப்பிட்டிருக்கிறார். ஆபீஸில் மீட்டிங். மூன்று தடவையும் கட் பண்ணிவிட்டாள். சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சாயங்காலம் அண்ணனிடமிருந்துதான் போன் வந்தது. "என்ன சொல்லக் கூப்பிட்டாரோ, தெரியல" என்றாள். நான் யோசிக்கவே இல்லை. "இதுல உன் தப்பு என்ன இருக்கு? உனக்கு எப்படித் தெரியும்? இதையெல்லாம் மனசுல போட்டுக் குழப்பிக்காத" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, காபித்தூள் எந்தக் கடையில் வாங்குகிறாய் என்று கேட்டாள். அதற்குப் பிறகும் இரண்டு மணி நேரம் இருந்தாள். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் போன பிறகு தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. என் ஆச்சிக்கு நாலு கத்தோலிக்கச் சாமியார்கள் செய்ததை நான் அவளுக்குச் செய்திருக்கிறேன். அன்றிலிருந்து இது என்னை விடவில்லை. ஆச்சி போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அவள் கதையைச் சொல்லாமல் நான் நினைப்பதைச் சொல்ல முடியாது.

செம்புத் தண்ணீர்

ஆச்சி என் அம்மாவைப் பெற்றவள். தூத்துக்குடிப் பக்கம் செம்மண் தேரியும் பனையும் சூழ்ந்த ஒரு கத்தோலிக்கக் கிராமம். 1956-இல் அவளுக்கு இரண்டாவது பிரசவம். என் அம்மாவுக்கு அப்போது இரண்டு வயது. ஆண் குழந்தை, மாதம் நிறையாமல் பிறந்தது. மருத்துவச்சிக் கிழவி கையில் ஏந்தியதுமே நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டாளாம். எங்கள் பக்கத்து மருத்துவச்சிகளுக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியும். சாகக் கிடக்கிற பிள்ளைக்குச் சாமியார் வந்துதான் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்றில்லை. யாரும் கொடுக்கலாம், ஞானஸ்நானம் பெறாதவர்கூடக் கொடுக்கலாம், தண்ணீரும் அந்த ஒரு வாக்கியமும் கொடுக்க வேண்டும் என்ற மனமும் இருந்தால் போதும் என்பது திருச்சபையின் சட்டம். பங்குச்சாமியார்களே மருத்துவச்சிகளைக் கூப்பிட்டு அந்த வாக்கியத்தைப் பாடம் பண்ண வைத்திருந்தார்கள். பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து என்று பழைய தமிழில் அது இருந்தது.

கிழவி செம்பில் தண்ணீர் எடுத்துவிட்டாள். குழந்தையின் தலைக்கு நேரே செம்பு போய்விட்டது. ஆச்சி படுத்த படுக்கையிலிருந்து எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம். பொழைச்சுக்கிடுவான். ஞாயித்துக்கெழம கோயில்ல வச்சு ஊத்திக்கிடலாம்." வீட்டில் தண்ணீர் ஊற்றினால் அந்தப் பிள்ளை தங்காது என்று அர்த்தம், ஊரில் அவள் பார்த்த வீடுகளில் எல்லாம் அப்படித்தான் நடந்திருந்தது. தண்ணீர் விழாதவரை அவன் சாக மாட்டான் என்று அந்த நேரம் அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கிழவி செம்பைக் கீழே வைத்துவிட்டாள். விடிவதற்குள் பிள்ளை போய்விட்டது.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் இடமில்லை. அன்றைக்கு நடப்பில் இருந்த 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அப்படி. தாத்தா அவனை ஒரு ஓலைப் பெட்டியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, தூக்கிக்கொண்டு போய், கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே உடைமரத்தடியில் புதைத்தார். துக்கமணி அடிக்கவில்லை. குருசு நடவில்லை. பெயரும் வைக்கவில்லை.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று, ஆச்சி என்னைக் கையில் பிடித்துக்கொண்டு போவாள். உள்ளே தாத்தா கல்லறையில் எல்லாரையும்போல மெழுகுதிரி ஏற்றுவாள், செவ்வந்தி தூவுவாள். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரும்வரை நிற்பாள். பிறகு, கூட்டம் கலையும் நேரத்தில், வாசல் வழியாக வெளியே வந்து சுவரைச் சுற்றிக்கொண்டு அந்த மரத்தடிக்குப் போவாள். உள்ளே நூற்றுக்கணக்கான திரிகள் எரியும். சுவருக்கு மேலே மஞ்சளாக ஒரு வெளிச்சம் நிற்கும். வெளியே ஒரே ஒரு திரி. மழைக்காலத்துக் காற்றில் அது நிற்காது. மடியில் கொண்டுவந்திருக்கிற சிரட்டையைத் திரிக்கு அணையாகச் சாய்த்து வைப்பாள். அப்படியும் அணையும். மறுபடியும் ஏற்றுவாள். எத்தனை தடவை அணைந்தாலும் தீப்பெட்டி தீரும்வரை ஏற்றுவாள். ஒரு வருஷம் "போதும் ஆச்சி, மழை வருது" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் திட்டவில்லை. திரியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீயும் கையப் புடிக்காதட்டி" என்றாள். அந்த 'நீயும்' எதைக் குறிக்கிறது என்று புரிய எனக்கு இருபது வருஷம் ஆயிற்று.

அகுஸ்தினார் மேல் கோபம்

கல்லூரிக்குப் போனதும் அம்மா எனக்கு முழுக்கதையையும் சொன்னாள். அப்போது வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. பிறந்து ஐந்தாறு மணி நேரம் மூச்சு விட்ட ஒரு பிள்ளை என்ன பாவம் செய்தது? சென்மப்பாவம் என்று ஞானோபதேச வகுப்பில் நெட்டுருப் போட்டிருந்தேன். ஆதாம் ஏவாள் செய்த பாவம், அதன் கறையோடு எல்லாரும் பிறக்கிறோம், ஞானஸ்நானம் அதைக் கழுவுகிறது. கழுவாமல் போனால்? வகுப்பில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் லிம்போ என்று பதில் வந்திருக்கும். ஆச்சி அதை "இருட்டுமில்லாம வெளிச்சமுமில்லாம ஒரு எடம்" என்பாள்.

கையில் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். எல்லாம் ஐந்தாம் நூற்றாண்டு ஆயர் அகுஸ்தினாரில் வந்து முடிந்தது. உரோமையருக்கு எழுதிய திருமுகம் ஐந்தாம் அதிகாரத்தில் பவுல் 'எல்லாரும் பாவம் செய்ததால்' என்ற பொருளில் கிரேக்கத்தில் எழுதிய இடம், அகுஸ்தினார் வாசித்த லத்தீனில் 'அவனில் எல்லாரும் பாவம் செய்தார்கள்' என்று இருந்தது. அந்த ஒரு இடத்தை மட்டும் நம்பி அவர் தன் போதனையைக் கட்டினார் என்று சொன்னால் அநியாயம். ஆனால் அது அவருக்குப் பெரிய ஊன்றுகோலாக இருந்தது. ஆதாமில் நாம் எல்லாரும் இருந்தோம், ஆகவே அவன் குற்றம் நம் குற்றமும்தான் என்றார். குழந்தைகள் அந்தப் பாவத்தோடு பிறப்பதில்லை என்ற பெலாஜியுசோடு நடந்த வாதத்தில் 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் அவர் பக்கம் நின்றார்கள். ஞானஸ்நானம் இல்லாமல் இறக்கிற குழந்தைகளுக்குத் தண்டனை உண்டு, இருப்பதிலேயே மிக லேசான தண்டனை என்று அவர் எழுதினார். கிழக்கத்திய சபைகள் இந்த வழியில் வரவில்லை. ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது சாவும் நலிவும்தான், அவன் குற்றம் நம் கணக்கில் ஏறாது என்பது அவர்கள் பக்கம். மேற்கில் பின்னால் வந்தவர்கள் அகுஸ்தினாரின் கடுமையைத் தணித்துத் தணித்து லிம்போவுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே வேதனை இல்லை, கடவுளின் தரிசனமும் இல்லை. திருச்சபை அதை ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கவில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் எங்கள் ஊர்ச் சுவர் மட்டும் வரையறுத்து, கல்லும் சுண்ணாம்புமாக நின்றது.

அந்தச் சுவர் எங்கள் ஊரில் மட்டும் இல்லை. அயர்லாந்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் புதைக்கவென்றே மந்திரிக்காத நிலங்கள் இருந்தன. கில்லீன் என்று பெயர். சுவிட்சர்லாந்தில் ஓபர்பூரன் என்ற இடத்தில் ஒரு மாதா கோயில் இருந்தது. செத்துப் பிறந்த குழந்தைகளை மத்திய காலத்தில் அங்கே தூக்கிக்கொண்டு வருவார்கள். நெருப்புக் கனல் வைத்து உடம்பைச் சூடாக்கி, உதட்டின்மேல் ஒரு இறகை வைப்பார்கள். இறகு அசைந்தால் உயிர் வந்துவிட்டது. உடனே தண்ணீர், உடனே மந்திரித்த மண்ணில் அடக்கம். சீர்திருத்தக் காலத்தில் அந்தக் கோயிலை இடித்துவிட்டார்கள். தொல்லியலாளர்கள் தோண்டியபோது 200-க்கும் மேற்பட்ட சிசுக்களின் எலும்புகள் கிடைத்தன. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இறகு அசைகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் முகங்கள் கண்ணுக்குள்ளேயே நின்றன. எங்கள் ஆச்சி இறகு அசைகிறது என்று நம்பியதால்தான் செம்பைத் தடுத்தாள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அகுஸ்தினாரை நான் வெறுத்த அளவுக்கு அவர் கல்நெஞ்சர் இல்லை. 415-இல், வேதத்தை லத்தீனில் பெயர்த்த எரோணிமுஸுக்கு எழுதிய கடிதத்தில், இந்தப் பச்சைக் குழந்தைகளின் தண்டனை என்று வரும்போது தான் பெரிய நெருக்கடியில் அகப்பட்டுக்கொள்கிறேன், என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை என்கிறார். அவருக்கும் ஒரு மகன் இருந்தான். 387 பாஸ்கா (ஈஸ்டர்) இரவில் மிலானில் அப்பனும் மகனும் ஒன்றாக ஞானஸ்நானம் பெற்றார்கள். கொஞ்ச வருஷத்தில் அந்த மகன் இளம்வயதிலேயே போய்விட்டான். அவருடைய பிள்ளை சுவருக்கு உள்ளே இருந்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கோபத்தோடு வேறொன்றும் வந்து சேர்ந்துகொண்டது.

என்னையப் பத்தில்லா கேக்கேன்

2007 ஏப்ரலில் செய்தி வந்தது. வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம், ஞானஸ்நானம் பெறாமல் இறக்கிற குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்ப உறுதியான காரணங்கள் உண்டு என ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது; பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் அதற்கு ஒப்புதல் கொடுத்திருந்தார். அதற்கு முன்பே கதவு திறந்துகொண்டுதான் வந்தது. 1969-இல் வந்த அடக்கச் சடங்கு நூலில், பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்து அதற்குள் இறந்த பிள்ளைகளுக்கென்று செபங்கள் இருந்தன. 1992-ஆம் ஆண்டு மறைக்கல்வி ஏட்டில் லிம்போ என்ற சொல்லே இல்லை. அந்தப் பிள்ளைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம் என்று மட்டும் இருக்கிறது. இதெல்லாம் எங்கள் ஆச்சிக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்லப்போகிறேன் என்று சென்னையிலிருந்து பிரிண்ட் எடுத்துக்கொண்டு மே மாதம் ஊருக்குப் போனேன். அவளுக்கு அப்போது 74 வயது.

திண்ணையில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தாளை விரித்துத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். ஆச்சி அரிவாள்மணையிலிருந்து கையை எடுக்கவில்லை. கொட்டை ஒரு பக்கம், சுளை ஒரு பக்கம் விழுந்துகொண்டே இருந்தது. முடித்ததும் "அப்ப சாமிமாரெல்லாம் இப்பத்தான் கண்டுபிடிச்சாகளாக்கும்" என்றாள். நான் ஆமாம் என்றேன். "அது செரி. ஆண்டவரு பச்சப்புள்ளையக் கைவிட மாட்டாருன்னு எனக்குத் தெரியாதாட்டி? அம்புட்டு நாளும் அவனுக்காவயா அழுதேன்னு நெனச்ச?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பின்னே எதற்கு அழுதாய் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. அவளே சொன்னாள்: "என்னையப் பத்தில்லா கேக்கேன். நான்லா கையப் புடிச்சேன்."

"ஆச்சி, அது பாவமே இல்ல. பிள்ளை பிழைக்கணும்னு ஆசைப்பட்டுத்தானே..."

"நாலு சாமியாரும் அதத்தாஞ் சொன்னாக." கையிலிருந்த புளியை வைத்துவிட்டு முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். "பாவமில்லன்னா மன்னிப்பு எங்கன கெடைக்கும்?"

அந்தத் தாளை நான் திரும்பச் சென்னைக்கே கொண்டுவந்துவிட்டேன். ஐம்பது வருஷமாக நாங்கள் எல்லாரும் பிள்ளை எங்கே இருக்கிறான் என்ற கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருந்தோம். நான் கோபப்பட்டது, படித்தது, வாதாடியது எல்லாம் அதற்குத்தான். அவளுடைய கேள்வி அது இல்லை.

தீர்ப்பும் மன்னிப்பும்

ஆச்சி தன் பாவத்தைச் சொன்ன அந்த நாலு சாமியார்களும் தவறாக எதுவும் சொல்லவில்லை. ஒரு செயல் சாவான பாவம் ஆக வேண்டுமென்றால் காரியம் கனமானதாக இருக்க வேண்டும், முழு அறிவு வேண்டும், முழு சம்மதம் வேண்டும். இருபத்துமூன்று வயதில், பிரசவப் படுக்கையில், ரத்தம் போய்க்கொண்டிருக்கிற ஒரு பெண்ணுக்கு எங்கே அறிவு, எங்கே சம்மதம்? இந்த மூன்று நிபந்தனைகளும் இரக்கத்தில் பிறந்தவை என்றே நினைக்கிறேன். மனச்சாட்சியின் உறுத்தலில் மாட்டிக்கொண்டு எதைத் தொட்டாலும் பாவம் என்று துடிக்கிறவர்களுக்கு, 'இது பாவம் இல்லை' என்ற வார்த்தைதான் மருந்து. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினில் மன்ரேசாவில் இருந்தபோது, சொன்ன பாவங்களையே திரும்பத் திரும்பச் சொல்லி, தீராமல், அறையில் இருந்த குழியில் விழுந்து செத்துப்போகலாமா என்றுகூட நினைத்திருக்கிறார். அவருக்கு அந்த மருந்து தேவைப்பட்டது. ஆச்சி அந்த ரகம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டாள், கருப்பட்டி எடையில் கறார் பேசினாள், இதையெல்லாம் சொல்லி அபராதமாக, மாதாவை வேண்டுகிற 'அருள் நிறைந்த' மந்திரத்தை மூன்று தடவை சொல்லி முடித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டாள். அவளுக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிற பாவசங்கீர்த்தனம் ஒரு தீர்ப்பு மன்றத்தைப் போன்றது என்று 1551-இல் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் சொன்னது. மன்றத்தில் குற்றம் இல்லை என்றால் வழக்கு தள்ளுபடி, வீட்டுக்குப் போகலாம். ஆச்சி விடுதலை வாங்க வரவில்லை. அவள் கை ஒரு செம்பைத் தடுத்தது நிஜம். அந்த மணிக்கட்டின் சூடு அவள் உள்ளங்கையில் இருந்தது. அதை இல்லை என்று சொல்வது, அந்த இரவில் அவள் அங்கே இருக்கவே இல்லை என்று சொல்வதுபோல. தாயாக அவள் அவனுக்குச் செய்த ஒரே காரியம் அதுதான். அதையும் கணக்கில் இல்லை என்று அடித்துவிட்டால் அவளுக்கும் அவனுக்கும் நடுவில் வேறு என்ன மிஞ்சும்?

மனஸ்தாபம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டிய ஐந்து காரியங்களில் ஒன்று அது. செய்த பாவத்துக்காக மனம் வருந்துவது. சிறு பிள்ளையாக உத்தம மனஸ்தாபம் என்று எழுத்துப் பிசகாமல் ஒப்பித்திருக்கிறேன். தெருவில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். 'அண்ணன் தம்பிக்குள்ள ஒரு மனஸ்தாபம்' என்றால் இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை என்று அர்த்தம். இந்த இரண்டு பொருளும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கிறது என்று எனக்கு வெகுநாள் தோன்றவில்லை. கிறிஸ்தவத்தில் பாவம் என்பதே, அதன் அடியாழத்தில், ஓர் உறவு முறிந்துபோவதுதான். விதியை மீறியது, பட்டியலில் ஏறியது எல்லாம் அதற்கு அப்புறம். இயேசு சொன்ன கதையில், ஊதாரி மகன் அப்பன் வீட்டுக்குத் திரும்பி வரும்போது சட்டம் எதையும் சொல்லவில்லை. 'அப்பா, கடவுளுக்கும் உமக்கும் எதிராகப் பாவம் செய்தேன்' என்கிறான். உமக்கு எதிராக. ஆச்சிக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவில் அப்படி ஒரு மனஸ்தாபம் இருந்தது. அது யாருடைய தவறு என்று நிரூபிப்பதால் தீரக்கூடியது இல்லை. வீடுகளிலும் அப்படித்தானே. யார் மேல் தப்பு என்று தெரிந்துவிட்டதால் மட்டும் எந்த அண்ணன் தம்பி பேசத் தொடங்கியிருக்கிறார்கள்?

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸை நினைத்துப் பார்க்கிறேன். புரொட்டஸ்டன்ட் சபைகளில் வாசிக்கிற வேதாகமத்தில் மத்தேயு 27-இல் அவனைப் பற்றி 'மனஸ்தாபப்பட்டு' என்றே இருக்கிறது. அவன் வருந்தினான். போய் ஆசாரியர்களிடமே நேராக, பாவம் செய்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான். வாங்கிய முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். வருத்தம், அறிக்கை, பரிகாரம்: நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அவனிடம் இருந்தது. அதற்கு ஆசாரியர்கள் சொன்ன பதில்: 'எங்களுக்கென்ன, அது உன்பாடு.' பிறகுதான் அவன் போய் நான்று கொண்டான். ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் அவன் துரோகத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அந்த ஆசாரியர்களின் பதிலைப் பற்றி ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை. 'அது உன் பாடு' என்பதும், 'அது பாவமே இல்லை, போய் வா' என்பதும் வெவ்வேறு மனசிலிருந்து வருகிற வார்த்தைகள். ஒன்று அலட்சியம், மற்றது அன்பு. ஆனால் வந்தவன் இரண்டிலும் சுமையைத் தூக்கிக்கொண்டு தனியாகத்தான் திரும்பிப் போகிறான்.

இயேசுவின் சீடர் பேதுருவும் அதே இரவில்தான் அவரைத் தெரியாது என்று மறுதலித்தார். யோவான் நற்செய்தியில் அவர் மறுதலித்தது ஒரு கரிநெருப்புக்குப் பக்கத்தில். கடைசி அதிகாரத்தில், கடற்கரையில், மீன் சுட்டுக்கொண்டிருக்கிற கரிநெருப்புக்குப் பக்கத்தில் இயேசு அவரைக் கேட்கிறார், என்னை நேசிக்கிறாயா என்று. மூன்று தடவை மறுதலித்தவரிடம் மூன்று தடவை. 'நீ பயத்தில் சொன்னாய், அது பாவம் இல்லை' என்று சொல்லவில்லை. 'எப்படி நீ அப்படிச் சொல்லலாம்' என்றும் கேட்கவில்லை. மூன்று தடவையும் ஒரு வேலை கொடுக்கிறார்: என் ஆடுகளை மேய். மூன்றாவது தடவை கேட்டபோது பேதுரு துயரப்பட்டார் என்று எழுதியிருக்கிறது. அந்தத் துயரத்தைத் தொடாமல் விட்டிருந்தால் அவர் காலமெல்லாம் வலை இழுத்துக்கொண்டே அதை விழுங்கியிருப்பார்.

தோழியைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். இந்தத் தடவை அந்த மூன்று அழைப்புகளைப் பற்றி நானே கேட்கப்போகிறேன். அப்பா என்ன சொல்லக் கூப்பிட்டிருப்பார் என்று அவள் நினைக்கிறாள், அவள் எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று.

ஐந்தாவது சாமியார்

2009 தவக்காலத்தில் ஆச்சி நடமாட்டம் குறைந்து கட்டிலோடு ஆகிவிட்டாள். நான் லீவில் ஊரில் இருந்தேன். நோயாளிகளுக்கு நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுக்கப் பங்குச்சாமியார் வீடுவீடாக வந்தார். புதிதாகக் குருப்பட்டம் பெற்ற பையன்; மீசை சரியாக அடர்ந்திருக்கவில்லை. ஆச்சி பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றதும் எங்களை வெளியே போகச் சொன்னார். வழக்கமாக ஐந்து நிமிஷம். அம்மா சாமியாருக்குப் போட்ட டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. இரண்டாவது தடவை சூடு பண்ணினாள். அதுவும் ஆறிவிட்டது. உள்ளே பேச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. வெளியே வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. டீ வேண்டாம் என்று சொல்லி, அடுத்த வீட்டுக்குப் போகாமல் நேரே கோயில் பக்கம் நடந்தார். உள்ளே என்ன நடந்தது என்று ஆச்சி சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி குடும்ப செபம். ஆச்சிதான் எப்போதும் முன்னால் சொல்வாள், கட்டிலில் படுத்துக்கொண்டாவது. ஜெபமாலை முடிந்து, கடைசியில் ஒரு அருள் நிறைந்த மந்திரம் தனியாகச் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம்; 'வெளிய கெடக்க புள்ளைக்காவ' என்று ஆச்சி தொடங்குவாள். சிறு வயதிலிருந்து அது இல்லாமல் எங்கள் வீட்டில் செபம் முடிந்ததில்லை. அன்றைக்கு அதை அவள் சொல்லவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்து அம்மா என்னைப் பார்த்தாள். ஆச்சி நேரே மாதா பிரார்த்தனைக்குப் போய்விட்டாள். அவள் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, நாங்கள் வழக்கம்போல 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று சொல்லிக்கொண்டே வந்தோம். சமாதானத்தின் இராக்கினியே வந்ததும் நிறுத்தினாள். மூச்சு வாங்கினாள். வலது உள்ளங்கையை மெல்ல விரித்துப் போர்வைமேல் வைத்தாள்.

"தண்ணி ஊத்தாத எம்மவனே" என்றாள்.

அம்மாவுக்கு வாய் எழவில்லை. எனக்கு யோசிக்க நேரமில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் பதில் தானாக வந்துவிட்டது.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."